எந்த மெமரி ஃபுல்?

“மாமா, பென்டிரைவ் ஃபுல்லுன்னு வருது மாமா.”

2020 ஜூலை, காலை ஒன்பதே கால் மணி. ஒன்பதரைக்கு அக்கா மகனுக்கு ஆன்லைன் வகுப்பு. மார்ச் மாதம் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவன், ஊரடங்கில் மாட்டிக்கொண்டு ஆடி பிறந்தும் அங்கேயே கிடந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. கருவியில் இடம் மிச்சமில்லையாம்.

“என்னடா மாப்ள போட்ட அதுல?”

“ஒண்ணுமே போடல மாமா. பென்டிரைவ் பதினாறு ஜிபி. லினக்ஸ் ரெண்டு ஜிபி கூட வராது. மிச்சம் பதினாலு எங்க போச்சு?”

நியாயமான கேள்வி. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்துகிறவன் நான். ஆனாலும் பதினேழு வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி அதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்றைய வகுப்பை அவன் போனிலேயே கேட்டான். ஐந்து அங்குலத் திரையில் வேதியியல் ஆசிரியர் எழுதிய சமன்பாடு எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அவன் நோட்டில் எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பழைய லேப்டாப்பை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அந்த லேப்டாப் அவன் அக்காவுக்கு வந்தது. 2013இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பவர் பட்டனை அழுத்தினால் விண்டோஸா, பாஸா என்று கேட்கும். பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் உருவான லினக்ஸ். அவள் அதன் பக்கம் போனதே இல்லை. கல்லூரி, பி.எட். இரண்டையும் அந்த மெஷினில்தான் முடித்தாள். கல்யாணமாகிப் போகும்போது தம்பிக்கென்று விட்டுவிட்டுப் போனாள். பீரோவுக்கு மேல் ஒரு பழைய துண்டு சுற்றி வைத்திருந்தார்கள். ஆன்லைன் வகுப்பு என்றதும் எடுத்துப் போட்டால், ஹார்டு டிஸ்க் உள்ளே டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்; இனி அதிலிருந்து ஒன்றும் வராது. அடிப்பக்க மூடியைத் திறந்து, இரண்டு திருகாணியைக் கழற்றி அதை வெளியே எடுத்தேன். டவுனில் கடைகள் பாதி நாள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. புது டிஸ்க் வாங்கவும் வழியில்லை, அதற்கென்று எடுத்து வைத்த காசும் இல்லை. என் பையில் ஒரு பதினாறு ஜிபி பென்டிரைவ் கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு ஓட்டிவிடலாம் என்று இறங்கினேன். லுபுன்டு 20.04. நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் இரண்டு ராத்திரி இறக்கினோம்.

இப்போது அவன் கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊரில் எல்லாமே மெமரிதான். போனில் போட்டோ எடுக்க முடியாவிட்டால் ‘மெமரி ஃபுல்’. போன் தடுமாறி நின்றால் அதுவும் ‘மெமரி பத்தல’. கார்டை ‘மெமரி கார்டு’ என்றே கேட்டு வாங்குகிறோம். தமிழில் ரேமுக்கு நினைவகம், டிஸ்குக்குச் சேமிப்பகம் என்று பாடப்புத்தகம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஆனால் பேச்சில் அந்தப் பிரிவினை நிற்கவில்லை. போதாததற்கு, மறைந்த தலைவர்களுக்கு எழுப்பும் கட்டடத்தையும் நாம் நினைவகம் என்கிறோம். ரேமோ மின்சாரம் நின்ற நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற ஒன்று. என்றைக்கும் அழியக்கூடாது என்று கட்டுவதற்கும், அணைத்ததும் அழிந்துபோவதற்கும் ஒரே சொல். பையன் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை. ஃபுல்லானது பென்டிரைவ் இல்லை, ரேம். அதுவும் முழு ரேம் இல்லை, பாதி.

பென்டிரைவில் லினக்ஸ் போடுவதில் முதல் வழி ‘லைவ்’. நிறுவாமலே ஓட்டுவது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இந்த வழியைப் பரவலாக்கியது. 700 எம்பி சிடிக்குள் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். சிடியைப் போட்டால் போதும், ஹார்டு டிஸ்கைத் தொடாமலே முழுக் கம்ப்யூட்டரும் எழுந்து நிற்கும். அந்தக் காலத்தில் அது எனக்கு மாயம் மாதிரி இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான். சிடியில் எழுத முடியாது. ஆனால் ஓடுகிற சிஸ்டம் எழுதாமல் இருக்க முடியாது. ஒரு பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் நாலு கோப்பு எழுதும். அதனால் ஒரு ஏற்பாடு: கீழே படிக்க மட்டுமேயான சுருக்கப்பட்ட அடுக்கு, அதன்மேல் எழுதுவதற்கு ஒரு மெல்லிய அடுக்கு. புத்தகத்தின் மேல் கண்ணாடித் தாள் போட்டு எழுதுவது போல. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பக்கமாகத்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடித் தாள் இருப்பது ரேமில். கேட்காமல் விட்டால் ரேமில் பாதியை அதற்கு எல்லையாக வைத்துக்கொள்ளும். இரண்டு ஜிபி என்று எழுதியிருந்தாலும் கிராஃபிக்ஸுக்குப் போக மிச்சம் கொஞ்சம் குறைவு, அதில் பாதி தொள்ளாயிரம் எம்பி சொச்சம். பையன் முதல் நாள் ராத்திரி ‘அப்டேட் செய்யவா’ என்று சிஸ்டம் கேட்டதற்குச் சரி என்று அழுத்தியிருக்கிறான். இறங்கியதெல்லாம் கண்ணாடித் தாளில் போய் உட்கார்ந்தது. தாள் நிறைந்தது. அதைத்தான் அந்த ஒற்றை வரி சொன்னது. பதினாலு ஜிபி பென்டிரைவில் சும்மாதான் கிடந்தது, அங்கே எழுதலாம் என்று சிஸ்டத்துக்கு யாரும் சொல்லவில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைய இருந்தது, அகப்பைதான் சின்னது.

“அப்ப ஆஃப் பண்ணா?”

“நேத்து நீ பண்ணது எல்லாம் போயிடும்.”

“எல்லாமா? வைஃபை பாஸ்வேர்டு கூடவா?”

“அதுவும்தான்.”

தினமும் காலையில் புதிதாய்ப் பிறக்கிற கம்ப்யூட்டர். வங்கிக் கணக்கைத் திறக்க, வைரஸ் பிடித்த மெஷினைச் சோதிக்க, இதைவிட நல்லது இல்லை. படிக்கிற பையனுக்கு ஆகாது. அவனுக்கு நேற்றைய நோட்ஸ் இன்றைக்கு வேண்டும்.

இரண்டாவது வழிக்குப் போனோம். பெர்சிஸ்டன்ஸ் என்பார்கள். நான் விடாப்பிடி என்று தமிழ்ப்படுத்திக்கொண்டேன். கண்ணாடித் தாளை ரேமிலிருந்து எடுத்து, பென்டிரைவில் ஒரு கோப்பாக வைத்துவிடுவது. எழுதியது தங்கும். ஆனால் பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சரி, நாலு போதும் என்று நினைத்தேன். தொள்ளாயிரம் எம்பியோடு பார்த்தால் நாலு மடங்குக்கும் மேல் அல்லவா.

மூன்று வாரத்தில் அதுவும் நிறைந்தது.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது எந்தச் சாதாரணப் புத்திக்கும் எதிராக நடக்கிற விஷயம். இடம் இல்லை என்றதும் பையன் என்ன செய்தான்? எல்லாரும் செய்வதைத்தான். வேண்டாத மென்பொருளையெல்லாம் தேடித் தேடி அழித்தான். கூடவே வந்த விளையாட்டு, படம் வரைகிற மென்பொருள், டோரன்ட். அழித்து முடித்து, மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை போட்டு எண்ணைப் பார்த்தான். ஒரு எம்பி கூடக் கூடவில்லை. நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தான். முன்பைவிடக் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

காரணம் அந்த இரண்டு அடுக்கு. கூட வந்த மென்பொருள்கள் இருப்பது கீழ் அடுக்கில். அதில் யாரும் கை வைக்க முடியாது. நீங்கள் அழி என்றால் சிஸ்டம் மேல் அடுக்கில் ஒரு குறி வைக்கும்: இது இல்லாதது போல நடந்துகொள். லினக்ஸ்காரர்கள் இதற்கு வொயிட்அவுட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் பூசுகிற வொயிட்னர் இருக்கிறதே, அதே வேலை. எழுத்து மறையும், அடியில் அப்படியே இருக்கும், மேலே பூச்சின் கனமும் சேரும். அழித்ததற்குக் கணக்கு எழுதுவதே இடத்தைத் தின்கிறது.

அப்டேட் இன்னும் மோசம். பிரவுசரின் புதுப் பதிப்பு வந்தால் பழையது கீழே இருக்க, புதியது முழுதாக மேலே வந்து உட்காரும். பிறகு இன்னொரு பதிப்பு வந்தால் மேலே இருப்பதை மாற்றும். ஆனால் கீழே இருப்பது கீழேயேதான். ஒரு பெரிய கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் கோப்பு முழுவதையும் மேலே தூக்கி நகலெடுத்த பிறகுதான் அந்த ஒரு எழுத்து மாறும். 2014 கடைசியில் லினக்ஸின் கருவான கெர்னலின் 3.18 பதிப்பில் சேர்ந்த ஓவர்லே எஃப்எஸ் செய்வது இதைத்தான். இன்றைக்கு உலகத்தின் பெரிய பெரிய சர்வர்களில் கன்டெய்னர்கள் ஓடுவதும் இதே அடுக்கு முறையில்தான். இடமும் ரேமும் தாராளமாக இருக்கிற இடத்தில் இது அழகான ஏற்பாடு. நாலு ஜிபிக்குள் வாழ்கிறவனுக்கு இதன் விதி தெரிந்திருக்க வேண்டும்: லைவ் பென்டிரைவில் மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் செய்யாதே, வேண்டியதை மட்டும் சேர். இதை முதலிலேயே யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மிஞ்சியது மூன்றாவது வழி. பென்டிரைவை ஹார்டு டிஸ்க் போலவே பாவித்து முழுதாக நிறுவுவது. அடுக்கு கிடையாது, அழித்தால் அழியும். ஆனால் உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்ட முடியாது. எந்தப் பென்டிரைவிலிருந்து லைவ் ஓடுகிறதோ அதிலேயே நிறுவ முடியாது. முழுவதையும் ரேமுக்குள் ஏற்றிக்கொண்டு பென்டிரைவைப் பிடுங்கிவிடும் வழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் இதை வெகு அநாயாசமாகச் செய்யும். அது சில நூறு எம்பிதான். எங்கள் கையில் இருந்த லுபுன்டு ஒன்றே முக்கால் ஜிபியை ஒட்டி வரும். இரண்டு ஜிபி ரேமில் அதை ஏற்றினால் வேலை செய்ய இடம் ஏது? இரண்டாவது பென்டிரைவ் வேண்டும்.

வீட்டில் இன்னொன்று இருந்தது. எட்டு ஜிபி. அக்கா மகளின் கல்யாணப் போட்டோக்கள் அதில். ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தோடு ஒரு வெல்வெட் டப்பாவில் வைத்துக் கொடுத்தது.

“தம்பி, அதுல மட்டும் கை வைக்காதடா” என்றாள் அக்கா.

“எல்லாத்தையும் என் லேப்டாப்ல எடுத்து வச்சிட்டு, வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டுத் தரேன்கா.”

“ஒரு படம் குறைஞ்சாலும் உன் மச்சானுக்கு யார் பதில் சொல்றது?”

எண்ணி எடுத்து வைத்தேன். எட்டு ஜிபியில் லைவ், பதினாறில் நிறுவல் என்று தொடங்கினோம். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு பாதி தூரம் நகர்ந்தது. பிறகு சுட்டி நகரவில்லை. பென்டிரைவின் நீல விளக்கு மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து, நிறுவுகிற மென்பொருளான ‘நிறுவி’ சத்தமில்லாமல் மறைந்துபோனது. நடப்பதையெல்லாம் சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவேட்டைத் திறந்து பார்த்தால் கடைசி வரியில் விஷயம் இருந்தது: நினைவகம் தீர்ந்தது, இந்த வேலை கொல்லப்பட்டது.

லினக்ஸில் ரேம் அறவே தீர்ந்துவிட்டால் கெர்னல் ஒரு முடிவு எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கிறவற்றில் எது அதிகம் தின்கிறது என்று மதிப்பெண் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். மொத்த மெஷினும் சாவதைவிட ஒன்று போகட்டும் என்ற கணக்கு. அன்றைக்கு அந்த ஒன்றாக மாட்டியது எங்கள் நிறுவி. வழக்கமாக இந்த நிலை வராமல் காப்பது ஸ்வாப்: ரேமில் அப்போதைக்குத் தேவைப்படாததை டிஸ்கில் இறக்கி வைக்கிற இடம். லைவில் ஓடும்போது, டிஸ்க்கே இல்லாத மெஷினில், ஸ்வாப் எங்கிருந்து வரும்?

பென்டிரைவில் ஸ்வாப் வைக்கக்கூடாது என்று தெரியும். தெரிந்தே வைத்தேன். பதினாறு ஜிபியில் இரண்டு ஜிபியை ஸ்வாப் என்று ஒதுக்கி, நிறுவியைத் தொடங்கும் முன் அதை இயக்கிவிட்டேன். அன்று மாலை ஐந்துக்குத் தொடங்கி ராத்திரி எட்டரைக்கு நிறுவல் முடிந்தது. தொட்டால் பென்டிரைவின் உலோகம் சூடாக இருந்தது. முடிந்ததும் அந்த ஸ்வாப்பை எடுத்துவிட்டேன்.

ஏன் வைக்கக்கூடாது என்பதற்குப் பென்டிரைவுக்குள் இருக்கிற ஃபிளாஷ் என்ற பொருளுக்குள் போக வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. 1984இல் உலகத்துக்கு அறிவித்தார். இன்றைய பென்டிரைவில் இருக்கிற நான்ட் வகையை 1987இல். ஒரே வீச்சில் மொத்தமாக அழிவதைப் பார்த்த சக ஊழியர் ஷோஜி அரிஇசுமிக்குக் கேமரா ஃபிளாஷ் ஞாபகம் வந்ததாம், பெயர் அப்படித்தான் வந்தது. தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு மசுவோகா பின்னாளில் பழைய நிறுவனத்தோடு வழக்காட வேண்டியிருந்தது. 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு அது சமரசமாக முடிந்தது. உலகத்தின் சட்டைப்பைகளில் எல்லாம் இருக்கிற ஒன்றைச் செய்தவருக்கு அது சிறிய தொகை என்றுதான் நினைக்கிறேன்.

மொத்தமாக அழிவது என்று சொன்னேன். அதுதான் ஃபிளாஷின் சுபாவம். சின்ன வயதில் சிலேட்டில் எழுதி, கோவை இலையைக் கசக்கித் தேய்த்து அழித்திருக்கிறோம். ஒரு எழுத்து தப்பானால் விரல் நுனியால் அந்த எழுத்தை மட்டும் தொட்டு அழிப்போம். ஃபிளாஷில் அது நடக்காது. எழுதுவது சில கிலோபைட் பக்கங்களாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான கிலோபைட்டிலிருந்து சில எம்பி வரை போகிற ஒரு முழுக் கட்டமாக. எழுதிய இடத்தின்மேல் மறுபடி எழுத முடியாது. முதலில் கட்டத்தையே அழித்தாக வேண்டும். எனவே ஒரு எழுத்தை மாற்ற, சிலேட்டில் உள்ள மற்றதையெல்லாம் வேறு சிலேட்டுக்குப் பார்த்து எழுதிவிட்டு, இதை முழுக்கத் துடைக்க வேண்டும். அந்த வேலையைப் பென்டிரைவுக்குள் இருக்கும் ஒரு சின்னச் சில்லு நமக்குத் தெரியாமல் செய்துகொண்டே இருக்கிறது.

ஒவ்வொரு துடைப்பிலும் சிலேட்டு தேய்கிறது. எலக்ட்ரான்களை ஒரு காப்புப் படலத்தின் வழியாக உயர் மின்னழுத்தத்தில் நுழைத்துச் சிறை வைப்பதுதான் எழுத்து. வெளியே இழுப்பதுதான் அழிப்பு. போகவர, போகவர அந்தப் படலம் கெடுகிறது. ஒரு செல்லுக்கு ஒரே பிட் வைத்த பழைய வகை ஒரு லட்சம் தடவை தாங்கும். மலிவாக்க வேண்டும் என்று ஒரே செல்லில் மூன்று பிட் திணிக்கிற இன்றைய வகை ஆயிரத்தை ஒட்டித்தான். ஸ்வாப் என்பது ஓயாமல் எழுதி ஓயாமல் அழிப்பது. அதுவும் துண்டு துண்டாக. பென்டிரைவுக்கு அது ஆயுள் குறைப்பு. நமக்குத் திரை உறைதல்.

ஆக, சிக்கலின் முடிச்சு இதுதான். பென்டிரைவைக் காப்பாற்ற வேண்டுமானால் எதையும் முடிந்தவரை ரேமிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிரவுசர் குவித்து வைக்கிற தற்காலிகக் கோப்பு, சிஸ்டம் எழுதுகிற பதிவேடு எல்லாவற்றையும். ரேமைக் காப்பாற்ற வேண்டுமானால் எதையும் முடிந்தவரை பென்டிரைவில் இறக்க வேண்டும். இரண்டு ஜிபி மெஷினில் இரண்டுமே ஏழை வீட்டுப் பாத்திரங்கள். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஊற்றுவதால் இரண்டும் நிறையாது. வேறு என்ன செய்வது? எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அதைத்தான் நாங்கள் செய்தோம். பையனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ஒரு கோப்பைப் படித்த நேரத்தைக் குறித்து வைக்கிற பழக்கம் சிஸ்டத்துக்கு உண்டு; படிப்பதற்காகக் கூட எழுதும். அது வேண்டாம் என்று நிறுத்தினோம். பிரவுசருக்கு மூன்று தாவல்தான். பதிவேடு ரேமில், அணைத்ததும் போகட்டும்; பழுது வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பாட நோட்டும் அவன் வைஃபை பாஸ்வேர்டும் பென்டிரைவில். ஸ்வாப்புக்கு இசட்ரேம் போட்டோம். ரேமுக்குள்ளேயே ஒரு பங்கை ஒதுக்கி, அங்கே போகிறதைச் சுருக்கி மடித்து வைக்கிற ஏற்பாடு அது. 2014இல் கெர்னலின் முதன்மைப் பதிப்புக்குள் வந்தது. பெட்டியில் இடமில்லாதபோது துணியை உதறிப் போடாமல் இறுக்கி மடிப்பது போலத்தான். மடிக்கவும் பிரிக்கவும் பிராசசருக்குக் கொஞ்சம் வேலை, ஆனால் பென்டிரைவில் ஒரு கீறல் கிடையாது. அதைப் போட்ட பிறகு வகுப்பு நடுவில் மெஷின் உறைவது பெரும்பாலும் நின்றது.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பையன் ஏன் என்று கேட்டான். எந்தக் கேள்விக்கும் ‘அது அப்படித்தான்’ என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காரணம் எங்கோ எழுதியிருந்தது, மாற்ற ஒரு வரி இருந்தது, மாற்றும் உரிமையும் நமக்கு இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்று இருபது வருடமாகக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதன் பொருள் என்னவென்று எனக்கே முழுதாக விளங்கியது அந்தத் திண்ணையில்தான்.

கல்யாணப் போட்டோக்களைத் திரும்பப் போடும்போது ஒரு தப்பு நடந்தது. நகலெடுக்கும் கோடு நூறு சதவீதம் வந்ததும் பையன் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டான். நீல விளக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது. திறந்து பார்த்தால் பதினோரு படங்களில் மேல்பாதிதான் இருந்தது. தாலி கட்டுகிற படத்தில் முகங்கள் இருந்தன, கைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சாம்பல் நிறம். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்தது என்று நம்மிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் மெதுவாகப் பென்டிரைவில் இறக்கும். வேகமான டிஸ்குகளில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. மெதுவான பென்டிரைவில் அது நிமிடக் கணக்கு. சிங்க் என்று ஒரு கட்டளை உண்டு. அது திரும்பி வரும்வரை காத்திருந்தால் போதும். அல்லது ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று வந்த பிறகு எடுக்க வேண்டும். மூலப் படங்கள் என் மெஷினில் இருந்ததால் தப்பித்தோம். அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இரண்டு ஜிபி பழைய கதை என்று யார் முடிவு செய்தது? அந்த மெஷினில் லுபுன்டு எழுந்து நின்றதும் நானூறு எம்பி சொச்சம்தான் எடுத்தது. ஒரே ஒரு வகுப்புப் பக்கத்தைத் திறந்ததும் ஒரு ஜிபிக்கு மேல் போனது. பக்கத்தில் இருந்ததோ ஓர் ஆசிரியரின் முகமும் ஒரு கரும்பலகையும். பெரிய மெஷினில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குச் சின்ன மெஷின்காரர்களின் கஷ்டம் கண்ணில் படுவதில்லை. லினக்ஸ் உலகத்திலும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. பழைய 32 பிட் மெஷின்களுக்கான உபுன்டு டெஸ்க்டாப் வெளியீடு 2017இல் நின்றது, ஃபெடோரா 2019இல் நிறுத்தியது, 2025இல் வந்த டெபியன் 13ஐயும் 32 பிட் பழைய பிசிக்களில் புதிதாக நிறுவ முடியாது. சோதித்துப் பார்க்க ஆளில்லை என்பது அவர்கள் தரப்பு; அதில் உண்மை இருக்கிறது. பப்பி, ஆன்டிஎக்ஸ் மாதிரிச் சின்ன மெஷினுக்கான லினக்ஸ் செய்கிறவர்கள் கையளவு பேர். அவர்கள் செய்வது பெரிய காரியம், அதைப் பெரிய காரியமாக நாம்தான் சொல்ல வேண்டும்.

அரசு கொடுத்த லேப்டாப்புகள் எத்தனையோ வீடுகளில் பீரோ மேலும் பரணிலும் கிடக்கின்றன. கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு பென்டிரைவை எடுத்து முயன்று பாருங்கள். இரண்டு பென்டிரைவ் வேண்டும். நடைபாதையில் அறுபத்துநாலு ஜிபி என்று அச்சடித்து மலிவாக விற்பதை நம்ப வேண்டாம், உள்ளே எட்டு இருந்தாலே அதிர்ஷ்டம், நிறைந்த பிறகு பழையதின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். நிறுவி முடிந்ததும் மொத்தப் பென்டிரைவையும் அப்படியே ஒரு கோப்பாகப் படம் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். பழுது எப்போது வரும் என்று பென்டிரைவ் சொல்லாது. இடமில்லை என்று திரை சொன்னால் பதறி அழிக்கத் தொடங்காதீர்கள். எங்கே இடமில்லை என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் பதினாறு ஜிபி இரண்டு வருடம் உழைத்தது. 2022இல் ஒருநாள் படிக்க மட்டும் விட்டது, எழுத விடவில்லை. எடுத்து வைத்திருந்த படத்தைப் புதுப் பென்டிரைவில் இறக்கி, ஒரு மணி நேரத்தில் மறுபடி ஓட்டினோம். இப்போது ஓடுவது மூன்றாவது. பையன் வேலைக்குப் போய்விட்டான், வேறு மெஷின் வாங்கிக்கொண்டான். போன தீபாவளிக்கு வந்திருந்த அவன் அக்கா, தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, தான் பிளஸ் டூவில் வாங்கிய அந்த லேப்டாப்பில் ‘அ’ எந்தக் கட்டையில் இருக்கிறது என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.